மைக்செட் நடத்திய விசாரணை

எங்கள் வட்டாரச் சுகாதார ஆய்வாளர் அம்மாளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மைக்செட். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் வேலையில் புலி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நேரே சமையற்கட்டில் நுழைந்து அண்டா மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அதனாலேயே நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரவில்லை. "போகட்டும், என் வயிறாவது பிழைச்சுது" என்று சிரித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சேதி வந்ததும் கொதித்துப் போனார். கொதிக்காதா பின்னே? முந்தின நாள்தான் அங்கே போய்ச் சுத்தத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்திருந்தார்! நல்லவேளை, எந்தப் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்தில்லை.

பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். சமையற்காரம்மா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் புருஷன் படுத்த படுக்கை. அந்த வீட்டில் அடுப்பெரிவதே இந்த வேலையால்தான்.

"இன்னிக்கே இந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிடறேன்" என்றார் தலைமையாசிரியர்.

"அவசரப்படாதீங்க சார். சாயங்காலத்துக்குள்ள காரணத்தைச் சொல்லிடறேன். நான் சொன்னா சொன்னதுதான்" என்றார் ஆய்வாளர் அம்மாள்.

தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை, சமையற்காரம்மாவின் நகக்கண் என்று எதையும் விடவில்லை. எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாக விசாரித்தார். படுத்திருந்தவர்கள் எல்லாருமே பெரிய வகுப்புப் பிள்ளைகள். சின்ன வகுப்புகளில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. திரும்பி வந்து சமையற்காரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே அண்டாச் சோறுதானே? சின்னதுங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?"

"அதுங்க வழக்கம்போல மத்தியானமே சாப்ட்டுடுச்சுங்கம்மா. பெரியவங்க சாப்பிட மூணு மணி தாண்டிடுச்சு."

"அதான் பார்த்தேன்! காலையில வடிச்ச சோத்தை அவ்வளவு நேரம் மூடி வெச்சா கெட்டுப் போகாதா? புள்ளைங்களைப் பட்டினி போட்டது யாரு?"

சமையற்காரம்மா அம்மாளையே பார்த்தார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் அம்மாளுக்கு உறைத்தது. முந்தின நாள் பேசுவதற்குத் தாமதமாக வந்ததும் அவர்தான். வந்த பிறகு பேச்சை நிறுத்தாமல் பெரிய வகுப்புகளை உட்கார்த்தி வைத்ததும் அவர்தான். சமையற்காரம்மா இரண்டு தடவை கதவோரம் வந்து, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று கையைக் காட்டியபோது, "வாங்கம்மா, நீங்களும் உட்கார்ந்து கேளுங்க" என்று உட்கார வைத்தது வேறு நினைவுக்கு வந்தது. அவமானத்தில் அவர் காது மடல் சுட்டது.

எழுந்து நேரே வாசலுக்குப் போனார்.

"மேடம், யோசிச்சுப் பேசுங்க. உங்க வேலைக்கே ஆபத்து வரும்" என்று தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடினார்.

"வந்தா வரட்டும் சார்" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சமையல்ல ஒரு குத்தமும் இல்ல. நான் லேட்டா வந்து, பேசிப் பேசியே உங்க புள்ளைங்க சோத்தை ஊச வெச்சேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ரிப்போர்ட்லயும் இப்படியேதான் எழுதப் போறேன்."

சமையற்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அழுத முகத்தில் இப்போது நல்ல கோபம்.

"இதே மாதிரி நேத்தே சுருக்கமாப் பேசியிருக்கலாமேம்மா!"