குப்பைத்தொட்டியும் மாமாவின் முழுப் பெயரும்

மாமா லண்டனில் இருபத்தாறு வருடம் இருந்தார். ஆனால் அவர் ஆங்கிலேயர் ஆனது ஸ்பெயினுக்குப் போன பிறகுதான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணை. இல்ஃபோர்டில் தபால் பிரிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு மூட்டு வலி. வெயில் உள்ள இடத்தில் இருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னார். வெயில் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்தைத்தான் நினைத்தார்கள். மாமாவோ, தன்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் போய்க் குடியேறிய ஸ்பெயின் கடற்கரை ஊருக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே தெருவுக்குத் தெரு ஓய்வு பெற்ற ஆங்கிலேயர்கள். முதல் நாளே கோப்பிக் கடைக்காரர் இவர்கள் இருவரையும் பார்த்து, "இங்கிலாந்துக்காரரா?" என்று கேட்டாராம். மாமா ஆம் என்றிருக்கிறார். "அது சரி, உண்மையில் எந்த நாடு?" என்று அடுத்த கேள்வி கேட்காமல் கோப்பியை வைத்துவிட்டுப் போன முதல் மனிதர் அவர்தான் என்று மாமா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் ஆகியாயிற்று என்பதற்கு அடையாளமாக, அன்றிலிருந்து குறை சொல்லவும் தொடங்கினார்.

எனக்கு அப்போது பத்து வயது. செவன் கிங்ஸில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீடொன்றில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமாவின் அழைப்பு வரும். அம்மா சமையலறையில் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவார். ஸ்பெயினில் பாலுக்கு ருசி இல்லை. தேயிலைக்குச் சாயம் இல்லை. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நித்திரை கொள்கிறார்கள். லண்டனில் இருந்தபோது இதே மனிதர் எதைப் பற்றியும் வாய் திறந்தவர் இல்லை. ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும், "வந்திட்டுதுதானே" என்பார். கூரை ஒழுகினால் வாளி வைப்பார்.

அந்த ஊரில் ஆங்கிலேயர்களுக்கென்று ஓர் இலவசப் பத்திரிகை இருந்தது. மாமா அதை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவார். லொறி பின்னுக்கு வரும்போது எழுப்பும் சத்தத்தை ஒரு கிளி பழகிவிட்டதாம். அந்தத் தெருவில் கார் நிறுத்த ஒருவரும் துணிவதில்லையாம். ஒரு மயில் பல் வைத்தியரின் காத்திருக்கும் அறையில் போய் இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றதாம். நடுப் பக்கத்தில் வாசகர்களின் குறைகள் வரும். பாண் கல்லுப்போல இருக்கிறது, தபால் வர மூன்று கிழமை, பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது. பதினைந்து வருடம் அங்கே இருந்தும் வணக்கத்துக்கு மேல் ஸ்பானிய மொழி தெரியாத ஒரு சீமாட்டி, ஊரில் வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். அதை வாசித்த அன்று மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அந்தப் பக்கத்துக்கு மாமா வைத்த பெயர் முறைப்பாட்டுப் பக்கம். முறைப்பாடு என்ற சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எங்களுக்கு யானை, வாழைப்பழம், நன்றி என்ற அளவில்தான் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பத்திரிகைக்காரரின் சொல் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மாமா அதைச் சொல்லும்போதெல்லாம், முன்னறையில் இருக்கும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கே சொந்தமாக ஒரு குறை கிடைத்தது. தெரு முழுவதற்கும் பொதுவான பெரிய குப்பைத்தொட்டியை நகரசபைக்காரர் கொண்டுவந்து அவருடைய படலைக்கு நேரே வைத்துவிட்டார்கள். மீன் முள், பூனைகள், மொய்க்கும் இலையான். காலையில் சூரியனைக் கும்பிட வெளியே வரும் மாமி, குப்பைத்தொட்டியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறாராம்.

"பிள்ளை, நீ எழுது. நான் சொல்லுறன்" என்றார் மாமா. அவர் நன்றாக ஆங்கிலம் பேசுவார். எழுதுவதென்றால் கை ஓடாது. "கனம் பத்திராதிபர் அவர்கட்கு, தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில்..." என்று தொடங்கி, மூச்சு விடாமல் கால் மணித்தியாலம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: ஐயா, என் வீட்டு வாசலில் குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள், அது மணக்கிறது.

"உவ்வளவுதானோ?"

"ஆங்கிலத்திலை அவ்வளவுதான் மாமா."

"சரி, போகட்டும். ஆனால் கீழே என்ரை முழுப் பேரும் போடவேணும். அப்பான்ரை பேரோடை சேர்த்து. ஓரெழுத்தும் விடக்கூடாது."

நாகமுத்து திருநீலகண்டசிவம். ஆங்கிலத்தில் இருபத்தொன்பது எழுத்து. பத்து வயதில் எனக்கு அது சுத்தப் பெருமைக் கூத்தாகத் தெரிந்தது. குப்பைத்தொட்டிக்கு எதற்கு இத்தனை பெரிய பெயர்? இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். அனுப்புவதற்கு முன் அப்பா வந்து பின்னால் நின்றார்.

"பேரை எடுத்துவிடு."

"மாமா போடச் சொன்னவர்."

"மாமாவுக்குச் சொல்லத் தேவையில்லை. பேர் வெளியிட விருப்பமில்லை எண்டு போட்டு அனுப்பு."

அப்பா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். சத்தம் போட்டுக் கதைக்கிறவர் இல்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார், ஆனால் நான் அழிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்கும் வேலை சுருங்கியது என்றுதான் இருந்தது. இருபத்தொன்பது எழுத்தையும் அழித்துவிட்டு, மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் குட்மேய்ஸில் ஒரு கலியாணத்துக்காக மாமா லண்டன் வந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே, உள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தார். குப்பைத்தொட்டி அச்சில் வந்திருந்தது. அதன் கீழே, பெயர் வெளியிட விரும்பாத வாசகர் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மாமா அதில் விரலை வைத்தார்.

"உது ஆர் பிள்ளை?"

"நீங்கள்தான் மாமா."

"நானோ? நானோ பேர் சொல்ல விருப்பமில்லாதவன்?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல் அப்பாவைக் காட்டிக்கொடுத்தேன்.

"ஓம், நான்தான் சொன்னனான்" என்றார் அப்பா. "இருக்க இடம் தந்திருக்கிறாங்கள். ஒரு குப்பைத்தொட்டிக்குப் போய் முறைப்பாடோ? பேசாமல் இருங்கோ மச்சான்."

"அங்கை இருக்கிற இங்கிலிஸ்காரன் எல்லாரும் எழுதுறான். சேவல் கூவுது எண்டு எழுதுறான்! அவன்ரை பாஸ்போட்தான் என்ரை பாஸ்போட்டும். நான் எழுதினால் மட்டும் என்ன?"

"ஊரிலை ஒருக்கால் பேர் போட்டது காணாதோ?"

மாமா கதிரையில் இருந்துவிட்டார். சொன்ன அப்பாவின் முகமும் செத்துப்போயிற்று. சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா அதை எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போன பிறகு. அம்மாவுக்கு இன்னொரு அண்ணை இருந்திருக்கிறார், மாமாவுக்கும் மூத்தவர். ஊரில் யுத்த காலத்தில், தெருவில் சோதனைக்குப் போட்டிருந்த சென்றியில் நின்றவர்கள் அவருடைய சைக்கிளைப் பறித்துவிட்டார்கள். அதைத் திருப்பித் தரும்படி முறைப்பாடு எழுதலாம் என்று யோசனை சொன்னது மாமா. தமிழில் மாமாவின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும், அதனால் எழுதிக் கொடுத்ததும் அவரே. முழுப் பெயரும் விலாசமும் போட்டால்தான் மதிப்பார்கள் என்று சொன்னதும் அவரே. இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அந்த முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். முறைப்பாட்டை விசாரிக்க வேண்டும், ஒருக்கால் வந்துவிட்டுப் போங்கோ என்றார்கள். பெரியமாமா கை கழுவி, சேர்ட்டை மாட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் வரவேயில்லை.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாத நான், மூன்று பெரியவர்கள் ஒரு குப்பைத்தொட்டிக்காக இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்களே என்று நின்றுகொண்டிருந்தேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அண்ணை எழுதட்டும்" என்றார். "பிள்ளை, லப்டொப்பை எடுத்துக்கொண்டு வா. முழுப் பேரும் போடு. எங்கடை அப்பான்ரை பேரோடை போடு."

அப்பா பின்வளவுக்குப் போய், காய்ந்த உடுப்பையெல்லாம் எடுத்து மடிக்கத் தொடங்கினார். அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார்.

இரண்டாவது முறைப்பாடும் வந்தது. ஆனால் பத்திராதிபருக்கு அந்தப் பெயர் பத்திரிகையின் அகலத்துக்கு ஒத்துவரவில்லைப்போல. அப்பாவின் பெயரைத் தூக்கிவிட்டு, மாமாவின் சொந்தப் பெயரில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார். குப்பைத்தொட்டிக்குக் கீழே வெறும் 'திரு' என்று நின்றது.

"திரு எண்டால் ஆர்?" என்று மாமா ஸ்பெயினிலிருந்து கத்தியது தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். "உலகத்திலை இருக்கிற ஆம்பிளையள் எல்லாரும் திருதான்! முதலிலை பேரில்லாதவன், இப்ப வெறும் திரு! எழுது பிள்ளை, விடக்கூடாது!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்றாவது முறைப்பாட்டில் யாதெனில் கிடையாது. மாமா இரண்டே இரண்டு வசனம்தான் சொன்னார், நான் அப்படியே எழுதினேன். 'என் முழுப் பெயரையும் போட இடம் இல்லாவிட்டால் குப்பைத்தொட்டியைப் பற்றிப் போட வேண்டாம். பெயரை மட்டும் போட்டால் போதும்.'

பத்திராதிபர் சிரித்தாரோ பயந்தாரோ தெரியாது. அந்தக் கிழமை முறைப்பாட்டுப் பக்கத்தில் குப்பைத்தொட்டிக்குக் கீழே, நாகமுத்து ஒரு வரியிலும் திருநீலகண்டசிவம் அடுத்த வரியிலுமாகத் தடித்த எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே தெருவின் பெயரும் வீட்டு இலக்கமும். மாமா பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தார். அம்மா அதை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையால் வந்த அப்பா, ஜாக்கெட்டும் கழற்றாமல் நின்றபடியே அந்தப் பெயரை வாசித்தார். "எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் தொலைபேசியை எடுத்தேன். மூன்று தடவை எழுதியவள் நான். பலன் என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

"மாமா, ஆரும் வந்தவையோ?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை."

அவர் குரலில் கவலையே இல்லை. அடுத்த ஞாயிறும் கேட்டேன். "இண்டைக்கும் ஒருத்தரும் வரேல்லை" என்றார். அதற்கடுத்த ஞாயிறு நான் கேட்க முன்னமே அவர் சொன்னார். ஒரு மாதம் ஆனபோது, பரீட்சையில் பாஸ் பண்ணினவர்போல, "பிள்ளை, ஒரு மாதமாச்சு! பேர், தெரு, வீட்டு நம்பர் எல்லாம் போட்டு ஒரு மாதம். ஒருத்தரும் வரேல்லை!" என்று சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, "அண்ணை" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதமாக மணக்கும் குப்பைத்தொட்டி, மூன்று முறைப்பாடு, எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. பாவம், அந்த மனிதர் அழுகிறார். இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒருவரையும் கேட்காமல், அந்த ஊர் நகரசபையின் மின்னஞ்சல் விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். மாமாவின் முழுப் பெயரையும், தெருவையும், வீட்டு இலக்கத்தையும் பிழையில்லாமல் எழுதினேன். என் மாமா நீண்ட நாளாகக் காத்திருக்கிறார், தயவுசெய்து உடனே இரண்டு பேரையாவது அவருடைய வீட்டுக்கு அனுப்பிவையுங்கள் என்று முடித்தேன்.

அனுப்பப் போகும்போது அம்மா என் தோளுக்கு மேலால் வாசித்தார். அடுத்த கணம் லப்டொப்பை அடித்து மூடினார். என் விரல் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. "ஐயோ" என்று கத்தியது நான் இல்லை, அம்மா. பிறகு விரலைப் பிடித்துத் தடவித் தடவி, ஏன் என்று சொல்லாமல் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றார். உதவி செய்யப் போன எனக்கு விரலும் நொந்து கடிதமும் போகாமல் நின்றுவிட்டதே என்று, இரண்டு நாள் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.