சட்டைக் கையைச் சுருட்டிய வாத்தியார்

“நாலெழுத்து படிச்சுட்டா ஆளை எடைபோடத் தெரிஞ்சிடுமா?” என்று அப்பா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தம்பிக்குச் சிலம்ப வகுப்பை நானே பார்த்துச் சேர்ப்பேன் என்றேன்.

அப்போதெல்லாம் கம்பு சுழற்றக் கற்றுத்தருவதாகச் சொல்லிக் குண்டர் கும்பலுக்கு ஆள் பிடிப்பவர்களும் இருந்தார்கள். அதனால் தம்பியோடு போய், சிராங்கூன் சாலையில் சிலம்பம் சொல்லித்தந்த வாத்தியார் ஒருவரைத் துருவித் துருவிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், தம்பியின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கும்பலின் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“என் தம்பியையா சந்தேகப்படுறீங்க?”

“நீங்க மட்டும் என்னைச் சந்தேகப்படலாமாம்மா?”

தோளில் ஒன்றுமில்லை. சட்டை மேலேறியபோது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டுமே தெரியும்.

அவனை அங்கேயே சேர்த்தேன். திரும்பும் வழியில், “உன் கூட்டாளிங்க யாருடா?” என்று முதல்முறையாகக் கேட்டேன்.