வாப்பா வீடு, ஓர் இரவுக்கு

இந்த நாட்டில் குளிர் தொடங்கியதும் வீடு உள்ளவர்கள் எல்லாம் கூடாரத்தில் போய்ப் படுக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. பளிங்குத் தரை போட்ட வீட்டைப் பூட்டிவிட்டு, அடுப்பு, கம்பளம், பிள்ளை குட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் அவரவர் இடம் பார்த்துக் கூடாரம் அடித்துக்கொள்வார்களாம். இப்போது அதையும் விலைக்கு விற்க ஆள் வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் கட்டடச் சாமான் கிடங்குக்குப் போகிற நெடுஞ்சாலையோரம் ஒரு தீம் பார்க் இருக்கிறது. அதன் வளாகத்துக்குள் மணல் நிறத் துணியில் வரிசையாகக் கூடாரங்கள். துணிதான் என்றாலும் முன்பக்கம் மரக் கதவு, உள்ளே மெத்தை, ஏசி, கெட்டில் எல்லாம் உண்டு. ‘ஃபேமிலி கேம்ப்’ என்று பெயர். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போவேன். நானும் ஆண்டு முழுக்கத் துணிக்குள்தான் படுக்கிறேன். பெட் ஸ்பேஸ் என்றால் வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் அறை, சுவரோரம் இரண்டடுக்குக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை. அந்தத் திரைக்கு உள்ளே இருப்பதுதான் என் இடம். என்னைக் கூப்பிட வருகிறவர் திரையைத் தொட மாட்டார். மரியாதையாகக் கட்டில் கம்பியைத் தட்டுவார். துணிக்குள் படுக்க அவர்களும் காசு கொடுக்கிறார்கள், நானும் கொடுக்கிறேன். அவர்கள் ஓர் இரவுக்குக் கொடுப்பதில் எனக்கு மாதக்கணக்கில் படுக்கை கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு ஊர் கீழக்கரை. எங்கள் வழக்கத்தைச் சொன்னால் அறையில் உள்ள மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். எங்களிடம் வீடு என்பது பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் அவள் பேருக்கு ஒரு வீடு எழும்பியாக வேண்டும். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்; நான் பிறந்த வீடு என் லாத்தாவுக்குப் போய்விட்டது. நான் குடும்பம் நடத்தும் வீடு என் மனைவி சபீனாவுடையது. இங்கே வெயிலில் நின்று நான் சேர்ப்பதெல்லாம் எங்கள் மகள் ருகையாவுக்கு எழும்பப்போகும் வீட்டுக்கு. இந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெண் பிள்ளையைத் தெருவில் நிறுத்தாத வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் போய் இறங்கும்போது ஒன்று உறைக்கிறது. என் மாமியார் எனக்குத்தான் முதலில் பரிமாறுவார். கறியில் நல்ல துண்டெல்லாம் என் பக்கம் வரும். தண்ணீர் மொள்ள எழுந்தால் வீடே பதறும். இத்தனை வருடமாகியும் அந்த வீட்டில் சீனி டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ராஜ உபசாரம்தான், குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனாலும் உபசாரம் எல்லாம் விருந்தாளிக்குச் செய்வதுதானே.

ருகையா நான்கு வயதாக இருக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள். மழலை முழுதாகப் போகாத வாய். இது உம்மா வீடு, அது மாமி வீடு என்று தெருவில் ஒவ்வொன்றாகக் கை காட்டிக்கொண்டே வந்தவள், என் விரலை இழுத்து, “ஒங்க வீடு எங்கன வாப்பா இருக்கு?” என்றாள். வெளிநாட்டுப் பிழைப்பை நாங்கள் சபர் என்போம். சபரில் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். பிள்ளைகளுக்கு ஒரு பதிலைச் சொன்னால் அதோடு விட மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் கேட்டாள்: ஒங்க வீட்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவிய? என் திரைக்குள் அவளை எங்கே கூட்டிப்போவது? பெண்களும் பிள்ளைகளும் எங்கள் கட்டடத்தின் மாடிப்படி ஏறவே கூடாது. அப்போதுதான் பஸ் ஜன்னலில் தெரியும் அந்தக் கூடாரங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஓர் இரவாவது மகளுக்கு ஒரு கதவைத் திறந்து, வா என்று சொல்ல வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

ஆனால் நான் ஒரு எட்டு வைத்தால் அந்த விலை இரண்டு எட்டு வைத்தது. முதல் குளிரில் விசாரித்தபோது கூடாரம் மட்டும் தனியாகக் கிடைத்தது. அடுத்த குளிரில் பார்க் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கினால்தான் கூடாரம் என்றார்கள். அதற்கடுத்து காலை உணவும் சேர்ந்துகொண்டது, அதற்கு மேல் ரிசார்ட் ஃபீஸ், அதற்கு மேல் வரி. பள்ளி விடுமுறை என்றால் தனி விலை. நம் அரையாண்டு விடுமுறையும் இங்கத்திய விடுமுறையும் ஒரே சமயத்தில் வந்து தொலைக்கின்றன. பார்க் வேண்டாம், தூங்க மட்டும் இடம் போதும் என்று போனில் சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு நான் சொன்னது புரியவில்லை. எங்கள் ரைடுகள் எல்லாம் மிகவும் பாதுகாப்பானவை சார், பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

இடத்துக்குக் காசு என்பதே என் தலைமுறைக்கு நடுவில் வந்த விஷயம். சிறு வயதில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு உம்மாவோடு போனால் தர்காவைச் சுற்றிய மணலில் பாயை விரித்த இடம் எங்கள் இடம். நான்கு கம்பு, மேலே ஒரு பழைய போர்வை. பக்கத்துப் பாயில் சிக்கல் ஊர் விவசாயக் குடும்பம், அந்தப் பக்கம் தொண்டிக்காரர்கள். சோறு பாய்க்குப் பாய் போகும். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். கழிப்பறை கிடையாது, உம்மா பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்ததும் எனக்குத் தெரியும். இப்போது அங்கே லாட்ஜுகள் நிற்கின்றன, விழா நாளில் அறை வாடகை தாறுமாறாக ஏறுகிறது. ராமேஸ்வரத்தில் அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். அரியமான் கடற்கரையில் இங்குள்ளதைப் போலவே கூடாரம் அடித்துப் பேக்கேஜ் போடுகிறார்களாம். சபீனா போனில் சொன்னாள். குடும்பத்தோடு வெளியில் ஓர் இரவு படுத்து எழுந்திருப்பது எல்லா ஊரிலும் வசதிக்காரர்களின் வேலையாகிவிட்டது.

போன டிசம்பரில் விசிட் விசாவில் இருவரும் வந்தார்கள். ஷார்ஜாவில் சபீனாவின் தங்கை வீட்டில் தங்கினார்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, என் கட்டிலுக்குத் திரும்பினேன். அங்கேயும் மாப்பிள்ளை உபசாரம். பார்க்கில் ஓர் இரவு பதிவு செய்திருக்கிறேன் என்று சொன்ன அன்று ருகையா வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்து, நாங்க வாப்பா வீட்டுக்குப் போறோம் என்று அறிவித்துவிட்டாள். நான் சபீனாவைப் பார்த்தேன். அவள் மகளைத் திருத்தவில்லை. தங்கையின் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

கூடாரத்துக் கதவுக்குச் சாவி கிடையாது. கையில் ஒரு நீலப் பட்டையைக் கட்டிவிடுவார்கள், அதைக் காட்டினால் கதவு திறக்கும். ருகையா தன் பட்டையைக் காட்டினாள், பூட்டு கிர்ரென்றது, உள்ளே போனாள். ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒங்க வீடு நல்லாருக்கு வாப்பா என்றாள். வரிசையாக நின்ற மற்ற கூடாரங்கள் அவளுக்குத் தெரு. தெருக்கோடியில் வானத்துக்கும் பூமிக்கும் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் காசை அழுதிருந்தேன் என்பது வேறு கதை. வாசலில் கிடந்த மணலைக் காலால் ஒதுக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

சபீனா பால் பாக்கெட்டை வெளியே எடுத்தாள். புது வீட்டுக்குக் குடிபோனால் முதலில் பால் காய்ச்சி, குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும். அடுப்பு இல்லையே என்றேன். கெட்டில் இருக்கிறதே என்றாள். பொங்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு முக்கியம். பொங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து, மேசையில் வழிந்து, பிளக் பலகைக்குள் இறங்கி, எங்கள் கூடாரத்திலும் பக்கத்துக் கூடாரத்திலும் விளக்கு அணைந்தது. பார்க் சட்டை போட்ட ஒரு பிலிப்பினோ இளைஞன் ஓடி வந்தான். கெட்டிலைப் பார்த்தான், பாலைப் பார்த்தான், “மில்க்? ஃபார் பேபி?” என்றான். குடிபுகுதலை அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். கரண்டைச் சரி செய்துவிட்டுப் போனவன் சற்று நேரத்தில் சக்கரம் வைத்த ஒரு குழந்தைத் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே நிறுத்தினான். பேபிக்குக் காசு இல்லை சார் என்றான். அந்த இடத்தில் இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

தொட்டிலைத் திருப்பி அனுப்ப வெட்கமாக இருந்தது. ருகையா தன் செருப்புகளை அதில் அடுக்கினாள். சபீனா வருகிற போகிற போக்கில் அதன் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போனாள். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஏன் ஒரே பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் அவள் தங்கை கட்டிக் கொடுத்த நெய்ச்சோற்றுப் பொதியை வழக்கம்போல சபீனா பிரிக்கப் போனவள், நின்று, கையை எடுத்துக்கொண்டாள்.

“நீங்க வைங்க. இன்னக்கி நான்தானே விருந்தாளி,” என்று சொல்லிக் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அன்றுதான் அவளுக்கு நான் சோறு வைத்தேன். நல்ல கறித் துண்டைத் தேடி அவள் பக்கம் தள்ளினேன். அவள் தண்ணீருக்கு எழுந்தபோது மாமியார் மாதிரியே நானும் பதறினேன். மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இந்த நாட்டில் இருந்ததில்லை என்று சொன்னால் மிகையில்லை.

மறுநாள் பகலோடு கணக்கு முடிந்தது. கூச்சத்தை விட்டு வரவேற்பறையில் போய் இன்னும் ஓர் இரவு கேட்டேன். வருடப் பிறப்பு நெருங்குவதால் அன்றைய விலை முந்தைய இரவைப் போல இருமடங்கு ஆகியிருந்தது. வாணவேடிக்கையும் அதில் அடக்கம் என்று அங்கிருந்த பெண் ஆசை காட்டினாள். நன்றி சொல்லித் திரும்பினேன். ருகையா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று நின்றாள். நம் வீட்டை விட்டு ஏன் போக வேண்டும், சாச்சி வீட்டில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. சபீனாதான் குனிந்து சொன்னாள்.

“வாப்பா வேலக்கிப் போவணும்ல. ஆளில்லாத வீட்டுல நம்ம மட்டும் கெடக்க முடியுமா? நீயே பூட்டிட்டு வா.”

வீட்டுக்காரி பூட்டுவது போலவே பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள், இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். வெளிவாசலில் அதே பிலிப்பினோ இளைஞன் கத்தரிக்கோலோடு நின்று எல்லோருடைய பட்டையையும் வெட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பேபியைத் தேடினான். ருகையா கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவளுடையதை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் அது திறக்காது சார் என்றான். தெரியும் என்றேன். அவன் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவர்கள் ஊருக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. வெயில் ஏறியதும் கூடாரங்களைப் பிரித்துவிட்டார்கள். நான் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி சுருண்டு லாரியில் போனது, கதவுகள் தனியாகப் போயின, சிமெண்ட் மேடைகள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. அடுத்த சீசனுக்கு இப்போதே முன்பதிவு செய்தால் சலுகை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சலுகை போக மிஞ்சும் விலையே போன தடவையைவிட அதிகம். ஒரு நாள் இரண்டு வேளையும் அந்த மேடைகளைப் பார்த்துவிட்டு வந்து திரைக்குள் படுத்திருந்தபோது ருகையா வீடியோவில் வந்தாள். முகம் வாடியிருந்தது. என்னம்மா என்றேன். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தது போலக் கேட்டாள்.

“சாவிய நான் கொண்டாந்துட்டேனே வாப்பா. அப்ப நீங்க எங்கன படுக்கிய?”

பின்னால் சபீனா பாத்திரம் கழுவுவது நின்றது கேட்டது. நீ வந்து திறந்துவிடும் வரை வாசலில்தான் படுக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியென்றால் தொலைத்துவிடக் கூடாது என்று சொல்லிப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியைக் காட்டினாள். சபீனா வீட்டுச் சாவிக்கொத்து அதில் தொங்கியது. அதே ஆணியில், பக்கத்திலேயே, நீல நிறத்தில், என் வீட்டுச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது.