கால்பந்தை விட்ட தவக்காலம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். கோயிலில் மணிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அப்போது நான், "ஐயோ, வெளிய போச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்றவள் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் நெல்லித்தோப்பு டீம் கோட்டைவிட்ட ஒரு பெனால்டியை நான் மனசுக்குள் மறுபடி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் அடித்தும் அது வெளியேதான் போனது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. தறி ஓடாத நேரமெல்லாம் அவருக்குக் கால்பந்துதான். ஐந்து வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனவர், நான் பெரிய பெண்ணான பிறகும் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. "ஆம்பளைங்க கூட்டத்துல பொட்டப் புள்ளைக்கு இன்னா வேலை?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "பக்கத்துல நான் ஒக்காந்துருக்கேன்ல?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் எங்கள் இடம். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். எங்களோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். பந்து நம்ம காலுக்கு வந்தால் "ஆலே! ஆலே!" என்று கத்துவார். முன்னே போ என்று அர்த்தம். அவரைப் பார்த்து எல்லோரும் அப்படியே கத்தப் பழகிவிட்டோம்.

எங்கள் டீம் அப்படி ஒன்றும் பெரிய டீம் இல்லை. பாதிப் பேர் மில் தொழிலாளிகள். கோல்கீப்பர் சைக்கிள் கடை மெக்கானிக். இடது பக்கம் ஆடுகிறவர் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. வருஷா வருஷம் நகரப் போட்டியில் இரண்டாவது சுற்றைத் தாண்டாமல் திரும்பி வருவார்கள். ஆனாலும் அவர்கள் தோற்ற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஆண்டவருக்கு முன்னால் நின்றுகொண்டு பெனால்டியை நினைத்தது எனக்கு மிகவும் உறுத்தியது. அந்த வாரமே விபூதிப் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு சாமியார் சொன்னார்: "வலிக்காதத விட்டுட்டு, விட்டுட்டேன்னு சொல்லாதீங்க. விட்டா எது வலிக்குமோ அத விடுங்க."

எங்கள் வீட்டில் கறியே எப்போதோதான். அதை விடுவதில் என்ன இருக்கிறது? அன்றைக்கே மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டு வாக்குக் கொடுத்தேன். தவக்காலம் முடிகிற வரை கிரவுண்டுப் பக்கம் போவதில்லை. ஆட்டத்தைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை, யார் சொன்னாலும் காது கொடுப்பதில்லை.

அப்பாவிடம் சொன்னபோது கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கறிய விடு, காப்பிய விடு. ஃபுட்பால் ஆட்டத்தையா பாப்பா விடுவாங்க?"

"அதாம்ப்பா வலிக்குது."

அம்மா மாத்திரம் "மாதாவே, தோத்திரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் முகத்தை யார் மூடி வைப்பது? முதல் ஆட்டம் முடிந்து வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "மீன் கொழம்பு நல்லாருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நல்லாருக்கு" என்றார். அம்மா அன்றைக்கு வைத்தது கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தார். எங்கே போட்டீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "மேல தூக்கிப் போட்டேன், கீழ வரல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மிஷின் பெடலை வேகமாக மிதித்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைச் செபத்துக்குக் கோல்கீப்பர் விரலில் கட்டோடு வந்து நின்றார். என்னைக் கண்டதும் கட்டுப் போட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அன்றைக்கு நான் செபித்தது அந்த விரலுக்காகத்தான். செபிப்பது வாக்கில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ரிக்‌ஷா ஒன்று போனது. "நாளை மாலை இறுதிப் போட்டி! நெல்லித்தோப்பும் வைத்திக்குப்பமும் மோதுகின்றன!" காதைப் பொத்துவதற்குள் அது உள்ளே போய்விட்டது.

நான் பிறந்ததிலிருந்து எங்கள் டீம் ஃபைனலுக்கு வந்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் போய் நின்றேன். தவக்காலம் நாற்பது நாள் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை வரை விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு வந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறுதான். நடுவில் ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று பார்த்தேன். ஆறு.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கோயிலுக்கு ஓடினேன். சாமியார் மறுநாளைக்கான குருத்தோலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. ஞாயித்துக்கெழமை தவக்காலத்துல சேருமா, சேராதா?"

அவர் கணக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா?"

"எண்ணிப் பாத்தேன் சாமி. ஞாயிற எடுத்தாத்தான் நாப்பது வருது."

"சரிதான். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னிக்கி நோன்பு கெடையாது." கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "நாளைக்கி ஃபைனல் இல்ல?"

நான் தலை குனிந்தேன்.

"எத்தினி வருஷமா நான் இந்தப் பிரசங்கம் வெக்கிறேன். ஒருத்தரும் காலண்டர எண்ணிப் பாத்ததில்ல," என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஓலைகள் கீழே விழுந்தன. "போய்ட்டு வா. ஆனா திங்கக்கெழமை ஞாயிறு இல்ல, ஞாபகம் வெச்சுக்க."

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் நானும் கிரவுண்டுக்குள் நுழைந்தபோது, எங்கள் கார்னரில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டாளத்துக்காரர் தொப்பியைக் கழற்றினார். அப்பா குருத்தோலையில் செய்த சின்னச் சிலுவையைச் சட்டைப் பையில் குத்தியிருந்தார்.

வைத்திக்குப்பத்துப் பையன்கள் மணலில் ஓடி வளர்ந்தவர்கள். பாதிப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் வலை இழுத்து உரமேறிய கைகளால் பந்தைப் பிடித்தால், பந்து அவன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒன்று போட்டோம். ஐந்து வாரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த சத்தத்தை எல்லாம் நான் அன்றைக்குக் கத்தித் தீர்த்தேன். விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. சமம்.

கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு மைக்கில் அறிவித்தார்கள்: செவ்வாய்க்கிழமை மறு ஆட்டம்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க தெருவில் இதே பேச்சு. "ஒரு நாளுதான? ஆண்டவரு இன்னா கோவிச்சுக்கவா போறாரு?" என்றார்கள். ஜவுளிக்கடைக்கு நூல் கண்டு வாங்கப் போனபோது, இடது பக்க ஆட்டக்காரர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நோன்புன்னா நோன்புதான் தங்கச்சி. எங்க வீட்ல ஒரு மாசம் புடிக்கிறோம். நடுவுல பிரியாணி வாசனை வந்தா எழுந்து போயிடறோமா? நீ வீட்ல இரு. நாங்க பாத்துக்கறோம்."

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றிக் கொக்கியில் மாட்டினார். "நானும் போவல. நீ இல்லாம எனக்கு இன்னா ஆட்டம்?"

இருபது வருஷத்தில் எங்கள் டீமின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாத மனுஷர். நான் சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "வாக்குக் குடுத்தது நான்தான், நீ இல்ல. போப்பா. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

அவர் போனதும் மிஷினில் உட்கார்ந்தேன். கிரவுண்டு நாலு தெரு தள்ளித்தான். இரைச்சல் எழும்போதெல்லாம் பெடலை வேகமாக மிதித்தேன். யாருடைய ஜாக்கெட்டோ, கை நுழைய வழியில்லாமல் மூடித் தைத்துவிட்டேன். அம்மா வாசலில் போய் நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி போய் நின்றாள். "எனக்கே நெஞ்சு அடிச்சுக்குதுடீ. போய்க் கேட்டுட்டு வரட்டா?"

"கேளு. ஆனா எனக்குச் சொல்லாத."

அவள் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். யாருக்காகச் செபிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பெரிய சத்தம் ஒன்று எழுந்து நெடுநேரம் அடங்காமல் கேட்டது. ஆனால் அது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று எப்படித் தெரியும்?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருப் பக்கம் வந்துகொண்டிருந்தது. வேட்டும் வெடித்தது. திடீரென்று எல்லாம் நின்றுபோனது. அப்பாவின் குரல் மட்டும் கேட்டது: "யோவ், நிறுத்துங்கய்யா! எங்க ஊட்டாண்ட வந்தாச்சு, எம் பொண்ணுக்குக் கேக்கும்!"

ஜன்னல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஐம்பது அறுபது ஆம்பிளைகள், மேளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவில் எங்கள் கோல்கீப்பர், நான் பார்த்துவிடக் கூடாது என்று ஏதோ ஒன்றைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்திருந்தார். துண்டுக்கு வெளியே ஒரு வெள்ளிக் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர் உதட்டில் விரல் வைத்தபடி கடைசியாகப் போனார். தெருமுனையைத் தாண்டினார்களோ இல்லையோ, மேளமும் வேட்டும் வானத்தைப் பிளந்தன.

நானும் அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. வாக்கும் தவறவில்லை.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, வாசல் மைதானத்தில் எங்கள் டீம் ஜெர்சியோடு நின்றுகொண்டிருந்தது. இடது பக்க ஆட்டக்காரர் முன்னால் வந்தார். "நோன்பு முடிஞ்சுதுல்ல? இப்பப் பாரு. நான் போட்ட கோல."

இரண்டு பெஞ்சுகளைக் கம்பமாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைத்திக்குப்பத்துக் கோல்கீப்பர் நின்றிருந்தான்! அவன் சைக்கிளில் ஒரு பெரிய கொடுவா மீன் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவரு இல்லாம போட்டா அது கோலா?" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "நேத்து குப்பத்துக்குப் போயிக் கூப்ட்டேன்."

"ஒருவாட்டிதான் ஏமாந்தேன்," என்றான் அவன் என்னைப் பார்த்து. "இன்னொருவாட்டி ஏமாற மாட்டேன் தங்கச்சி."

சாமியார் அங்கியோடு வந்து விசில் ஊதினார். பந்து கார்னரிலிருந்து வந்தது, இடது கால் அடித்தது. அவன் பாய்ந்து பிடித்துவிட்டான். கூட்டம் சிரித்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடியும் பிடித்தான். "அன்னிக்கி இன்னும் ஒரு சாண் தள்ளிப் போச்சுப்பா!" என்று அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கையாட்டினார். மூன்றாவது தடவை பந்து அவன் விரலை உரசிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் போய்க் கோயில் சுவரில் அறைந்தது.

பாடகர் குழுப் பெண்கள், அம்மா, மீன் கொண்டுவந்தவன், சாமியார் எல்லோருமே கத்தினார்கள். எங்கள் கோல்கீப்பர் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெயிலில் சூடேறி, நினைத்ததைவிட லேசாக இருந்தது. கோயில் படியில் ஏறி நின்று, இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் உயரத் தூக்கினேன்.