கல்வாழையிடம் சொன்ன வார்த்தைகள்

துணி அலசிய சவர்க்காரத் தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் கலந்து ஓடும் அந்தப் புளித்த வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான், அந்தத் தண்ணீரையே குடித்து என் தலைக்கு மேல் வளர்ந்து நின்ற கல்வாழைப் பூவின் சிவப்பு. தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் "லயத்து" வீட்டுக்குப் பின்னால் ஓடிய "லோங்காங்" என்ற சாக்கடை ஓரமாக அம்மா அதை நட்டிருந்தார். உரமும் கிடையாது, பராமரிப்பும் கிடையாது. ஆடு கடித்து மொட்டையாக்கினாலும் அடுத்த வாரமே சுருட்டிய பாய் மாதிரி புது இலை விட்டு நிற்கும்.

அந்தச் செடியால்தான் சண்டையே வந்தது. அடுத்த வீட்டுப் பாக்கியம் பெரியம்மாவும் அம்மாவும் அதுவரை குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்ளாத நாளே இல்லை. ஆனால் கல்வாழைக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நகர்ந்து போய்ப் பெரியம்மாவின் மிளகாய்ப் பாத்தியில் முளைத்துவிட, ஒருநாள் அம்மா பால்மரம் சீவிவிட்டு வந்து பார்த்தபோது வெட்டிய கிழங்குகள் எங்கள் பக்கம் வீசப்பட்டுக் கிடந்தன. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, வாய் நிற்கவில்லை. இருவரும் நடுவில் நின்ற செடியைப் பார்த்துச் "சாடை" பேச ஆரம்பித்தார்கள். பாத்திரம் விளக்கிக்கொண்டே அம்மா, "ஏ செடியே, ஞாயித்துக்கெழமகூட சில வீட்டுல ரேடியோ அலறுது, மனுசன் தூங்க வேணாமா?" என்பார். இலைகளுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ செடியே, தூங்குறவங்கள காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுலா" என்று உடனே பதில் வரும். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. பாவம் அந்தச் செடி என்பார்.

ஒரு மழைக்கால மதியம், காலையிலிருந்தே காய்ச்சலில் கிடந்த என் மூன்று வயதுத் தங்கை கலாவுக்குத் திடீரென்று கண் மேலே சொருகி, கைகால் வெட்டி இழுத்தது. அப்பா ரப்பர் பால் ஏற்றிய லாரியோடு போயிருந்தார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அந்த நேரத்திலும் அவர் வாயில் "அக்கா" என்ற சொல் வரவில்லை. "ஏ செடியே, எம்புள்ள போயிரும்போல இருக்கே, நான் யாரைக் கூப்புடுவேன்!" என்று அலறினார்.

கல்வாழைத் தண்டுகள் மளமளவென்று முறிய, பெரியம்மா அவற்றுக்கு நடுவிலேயே நுழைந்து வந்தார். "அடி பைத்தியக்காரி, செடிகிட்டயா சொல்லுவ? என்னைக் கூப்புடக் கூடாதா?" என்று அம்மாவைத் திட்டிக்கொண்டே, குழந்தையின் உடம்பை ஈரத்துணியால் துடைத்தார். தன் வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிளை எடுக்க வைத்து, பின்னால் அம்மாவைக் குழந்தையோடு ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்கு ரொட்டியும் மைலோவும் கொடுத்துவிட்டுத் தான் எதுவும் சாப்பிடாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டாள் என்று செய்தி வந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

கலா வீடு திரும்பியதும் அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மிளகாய்ப் பாத்தியில் மிஞ்சியிருந்த கிழங்கையெல்லாம் தோண்டப் போனார். பெரியம்மா விடவில்லை. "இருக்கட்டும்லா. மொளகா பசார்ல கெடைக்கும்." அதன் பிறகும் இருவரும் அடிக்கடி சண்டை போட்டார்கள், ஆனால் நேருக்கு நேராக.

இன்று அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள். நாங்கள் பாரோய்க்கு வந்தோம், பெரியம்மா லுக்குட்டில் மகன் வீட்டுக்குப் போனார். கலாவுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். அவள் முகத்தைப் பார்க்கும் போதெல்லாம் அந்த முறிந்த தண்டுகளை நினைத்துக்கொள்கிறேன். அந்த நன்றிக்கடனை எங்களால் தீர்க்க முடியாது.

அம்மா காலமான பிறகு வந்த முதல் தீபாவளிக்கு நானும் கலாவும் லுக்குட்டுக்குப் போய்ப் பெரியம்மாவின் காலில் விழுந்தோம். எங்கள் தலையைத் தடவிக்கொண்டே, "மகன் நல்லாப் பாத்துக்கிறான், மருமக தங்கமான புள்ள" என்றார். பிறகு குரல் உடைந்துபோய், "ஆனா எங்கூட சண்டை போடத்தான் ஆளில்லடி" என்று அழுதார்.