கரைக்குள் கேட்ட தட்டல்

பட்டப்பகலில் நடந்தது இது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்ட கதை இல்லை. நடந்தது என் சித்தி மகள் விஜயலட்சுமிக்கு. நன்னிலம் பக்கம் வீடு. புருஷன் குவைத்தில். போன கார்த்திகையில் நடந்தது; அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அவள் வீடு ஆற்றங்கரையை ஒட்டியது. கொல்லைச் சுவருக்கும் கரைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்துதான். விடாத மழை. ஆறு கரை முட்டப் போகிறது. வீட்டுக்குள் மாமியார் வள்ளியம்மை, இடுப்பு உடைந்து படுத்த படுக்கை. ரோட்டில் நெஞ்சளவு தண்ணீர்; கட்டிலைத் தூக்கிப் போக வழியில்லை. கரை உடைந்தால் முதலில் போவது அந்தக் கட்டில்தான்.

மதியம் மூன்று மணி. வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கரையின் அடியில் ஓர் ஓட்டை. கலங்கல் தண்ணீர் கொப்பளித்தது. கலங்கல் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்.

பக்கத்து வயல் நடராசன் வந்து பார்த்தார். "ஆறா இருந்தா என்ன, வரப்பா இருந்தா என்ன? நண்டு வளை மாதிரி அடச்சிருவோம்."

வைக்கோலையும் களிமண்ணையும் மிதித்துப் பிசைந்தார். ஓட்டைக்குள் திணித்தார். மேலே ஒரு மணல் மூட்டை. தண்ணீர் நின்றது.

"பாத்தியா? கவர்மெண்டு ஆளு சட்டைய மாட்டுறதுக்குள்ள வேல முடிஞ்சிச்சு."

"அண்ணே, செத்த இருங்க... யாரோ தட்டுறாங்க."

"மழ, தங்கச்சி."

மழை இல்லை. கரைக்குள்ளிருந்து வந்தது. தொம்... தொம்... பூட்டிய கதவை ஆள் தட்டுகிற மாதிரி.

நடராசன் காது வைத்துக் கேட்டார். "இன்னும் ரெண்டு மூட்டை கொண்டாறேன்" என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவள் மட்டும் நின்றாள். பயமே வரவில்லையாம். உடம்பு மரத்துக் கிடந்ததாம்.

கரையில் உள்ளங்கையை வைத்தாள். தொம். கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கே தொம்.

சத்தம் நகர்ந்தது. வீட்டைப் பார்த்து...

கொல்லைச் சுவருக்கு நேராக வந்து நின்று தட்டியது.

உள்ளே மாமியார் குரல். "லட்சுமி... கொல்லப் பக்கம் யாரு? வழி கேக்குறாங்க பாரு."

ஓட்டைக்குத் திரும்பி ஓடினாள். மூட்டையை உருட்டினாள். களிமண்ணைப் பிய்த்தாள்.

தண்ணீர் பீறிட்டது.

தட்டல் நின்றது.

நடராசன் நாலு ஆட்களோடு வந்தபோது அவள் ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? ஊரையே முழுகடிச்சிருவ!"

"அடைக்காதீங்கண்ணே. வெளிய வர வழி விடுங்க."

எழுந்திருக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் அவளையும் ஓட்டையையும் சுற்றி, கிணற்றுக்கு உறை வைத்த மாதிரி மூட்டை அடுக்கினார்கள். உள்ளே தண்ணீர் இடுப்பு வரை ஏறி நின்றது. பொழுது சாய்வதற்குள் தெளிந்தது; உள்ளே மண் கரைவது நின்றுவிட்டது. கரை தப்பியது. வீடும்.

தை மாதம் அந்த இடத்தை வெட்டித் திரும்பக் கட்டினார்கள். பொக்லைன் வெட்ட வெட்ட, உள்ளே ஒரு நீள வளை. ஆற்றிலிருந்து நேராக வந்து, நடராசன் அடைத்த இடத்தில் திரும்பி, சந்துக்கு அடியில் போய், கொல்லைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் முடிந்திருந்தது. அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்றார் வந்திருந்த இன்ஜினியர். சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

ஒரு கை நுழைகிற அகலம்தான் அந்த வளை. முப்பது அடி நீளம்.

உள்பக்கம் முழுக்க... கடைசி வரைக்கும்... விரல் தடம்.