ஆறாவது தலை

ஆட்டுக்குத் தலைக்கணக்கு உண்டா என்று நான் கேட்ட ஒரு கேள்வியால் எங்கள் வீடு இரண்டு குடம் தண்ணீரை இழந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கேள்வி கேட்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருந்தார். எங்கே கேட்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதை அவர் சொல்லித் தரவில்லை.

வேம்பாருக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பள ஊர் எங்களுடையது. மழைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுபோகும். இறங்காவிட்டால் வேலை இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது. அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் வெயிலாகவே கழிந்தன. மார்கழியிலும் பாத்திகளில் உப்பு விளைந்தது. மழைக்குப் பயந்து கீற்று போட்டு மூடுகிற உப்புக் குவியல்கள் திறந்தபடியே கிடந்தன. ஊர்க் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது.

நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். சண்டை வரக்கூடாது என்று ஊர் கூடி ஒரு சட்டம் போட்டிருந்தது. தலைக்கு ஒரு குடம், அதுவும் ஊர்க்காரருக்கு மட்டும். பலசரக்குக் கடை அண்ணாச்சி லாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் "எத்தன தல?" என்று கேட்பார். யார் வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்பார். சட்டம் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்காக அத்தைதான் வரிசையில் நிற்பாள். அப்பாவின் அக்கா. அளத்தில் உப்பு வாருகிற வேலை, எங்களோடுதான் இருந்தாள். அரையாண்டு விடுமுறையில் நானும் குடம் தூக்கக் கூடப் போனேன். முதல் நாளே அத்தை, "ஆறு தல அண்ணாச்சி" என்றாள். நான் விரல் விட்டு எண்ணினேன். அப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி. ஐந்துதான் வந்தது.

அந்த ஆறாவது தலை யாருடையது? நான்கு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த தாத்தாவுக்குத் தலை இருந்தது, ஆனால் அவர் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. அம்மாவின் வயிற்றைக்கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தேன். கடைசியில் கொல்லையில் கட்டிக் கிடந்த ஆடு என்னைப் பார்த்துக் கத்தியது. விடை கிடைத்துவிட்டது.

அடுத்த லாரி வந்தபோது, என் அறிவை நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "அண்ணாச்சி, ஆட்டுக்கும் தலைக்கணக்கு உண்டா? எங்க அத்த ஆட்டையும் சேத்துத்தான ஆறுன்னு சொல்லுதா?"

வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "அப்படின்னா எனக்கு ஏழு ஆடு நிக்கு, ஏழு கொடம் தாரும்" என்றாள். இன்னொருத்தி தன் கோழிகளை எண்ண ஆரம்பித்தாள். அண்ணாச்சி அத்தையைப் பார்த்தார்.

"ஏளா, பிள்ள சொல்லுதது நெசமா?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அளத்துப் பக்கம் பார்த்தாள். "ஆமா அண்ணாச்சி. ஆட்டையும் சேத்துத்தான் சொன்னேன். தப்புதான்."

ஆறு ஐந்தானது. பொய் சொன்னதற்காக இன்னொன்று குறைந்து நான்கானது. வீட்டில் அம்மா, "ஒன் வாயி சும்மா இருக்காதாட்டி?" என்றாள். உண்மையைத்தானே சொன்னோம் என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அத்தை அந்த நான்கில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நானே நாக்கு வறண்டு கிடக்கும்போது இவள் யாருக்குக் கொண்டுபோகிறாள் என்று கோபம் வந்தது. கோபத்தைவிட ஆவல் பெரிது, பின்னாலேயே போனேன். அண்ணாச்சி கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் பொட்டலம் மடிப்பதில் மும்முரமாக இருந்தார், நிமிரவே இல்லை.

அளத்து ஓரத்துக் கொட்டகையில் மூன்று குடும்பங்கள் இருந்தன. வடக்கே வானம் பார்த்த பூமியிலிருந்து உப்பு வார வந்தவர்கள். எப்போதும் முதல் மழைக்கு விதைக்க ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த வருஷம் மழையும் இல்லை, விதைப்பும் இல்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் ஊர்க்காரர் இல்லை, அதனால் அவர்களுக்குத் தலை கிடையாது. தண்ணீர் தருவது முதலாளி பொறுப்பு என்று ஊர் சொன்னது. முதலாளி தூத்துக்குடியில் இருந்தார்.

என் வயதில் ஒரு பெண் அங்கே இருந்தாள். அத்தை ஊற்றிய தம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தன் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வேண்டாம் என்றாள். அவள் நீட்டிய கையை எடுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தாகமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும் வழியில், இதை அண்ணாச்சியிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா அவரு முடியாதுன்னுல்லா சொல்லணும். ஊருச் சட்டம்லா" என்றாள் அத்தை. சொல்லாவிட்டால் மட்டும் எப்படி முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

நான்கு நாள் கழித்து லாரி வந்தது. "அஞ்சு தல அண்ணாச்சி" என்றாள் அத்தை. குரல் உள்ளே போயிருந்தது.

அண்ணாச்சி லாரிக் குழாயையே பார்த்துக்கொண்டு, "அந்த ஆடு எப்படி இருக்கு?" என்றார்.

அத்தை மறுபடியும் அளத்துப் பக்கம் பார்த்தாள். "தாகத்துல கெடக்கு அண்ணாச்சி."

"வாயில்லாச் சீவன். அதுக்கும் ஒரு கொடம் பிடிச்சிக்க."

வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஏழு ஆட்டுக்காரிகூடத் தன் முறை வந்ததும், "எனக்கும் ஒரே ஒரு ஆடுதான் அண்ணாச்சி" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளிடமும் ஓர் ஆடு இருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தீவனம் இல்லாமல் எங்கள் ஆட்டை முந்தாநாளே விற்றிருந்தோம். அண்ணாச்சி கடை வாசல் வழியாகத்தான் வியாபாரி அதை ஓட்டிக்கொண்டு போனார், அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாய், எதற்குக் கிள்ளினாய் என்று, மற்ற இரண்டு ஆட்டுக்காரிகளும் குடத்தோடு முன்னால் போக, அளத்துக் கொட்டகை போய்ச் சேரும்வரை அத்தையிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன்.